280 கிராம்

பயணத்துக்கு முதல் நாள் இரவு சமையலறைத் தராசை எடுத்துவந்து கூடத்தில் வைத்தேன். மனைவி கேக் மாவு நிறுக்கும் சின்னத் தராசு அது. இரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது. பையை மொத்தமாக வைக்க முடியாததால் ஒவ்வொரு பொருளாக வைத்து, எண்ணைத் தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தேன். மகனின் மூன்று சட்டைகள் 270 கிராம். ஆறு பெம்பஸ் 200 கிராம். பால்மாவை டின்னோடு எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல். பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கட்டினால் 400.

"என்னாங்க இது, தங்கம் நிறுக்கிற மாதிரி!" என்றாள் மனைவி.

நான் நிமிரவில்லை. எனக்கு அது தங்கம்தான்.

அந்த வருடம் தொழிற்சாலையில் ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். அடிப்படைச் சம்பளத்தில் வீட்டுக்கும் காருக்கும் மாதத் தவணை கட்டிய பிறகு மிஞ்சுவது சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. மகனுக்கு ஆறு வயது. அடுத்த வருடம் முதலாம் ஆண்டு. மகளுக்கு மூன்றரை. மகனோடு தாடிக்காவில் படிக்கும் ஒரு பையன் ஜப்பான் போய்வந்து பனியைப் பற்றிக் கதை சொல்லியிருக்கிறான். "நாம எங்கப்பா போனோம்?" என்று மகன் கேட்டபோது போர்ட்டிக்சன் கடற்கரையைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சிரம்பானில் இருப்பவனுக்கு போர்ட்டிக்சன் பயணக் கணக்கில் வராது. அது பக்கத்து வீடு.

கையில் 750 வெள்ளி இருந்தது. ஐந்து நாள், நான்கு பேர். பழைய காரை நம்பிக் கிளந்தான் வரை போக முடியாது. அப்போதுதான் ரயில் நினைவுக்கு வந்தது. கெமாஸில் ஏறினால் பகாங்கைக் கடந்து, கிளந்தானின் கடைசி வரை, தும்பாட் மட்டும் போகும் 'காட்டு ரயில்'. கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை தனியாகப் போயிருக்கிறேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க ஒன்றுமே செய்யாமல் இருந்த அந்தச் சுகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று பட்டது.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரே ஒரு முதுகுப்பைதான் இருந்தது. மலிவு விலை விமானங்கள் கைப்பைக்கு விதித்திருந்த 7 கிலோ வரம்பைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டவன் நான். அந்த ஏழு கிலோவோடு சுமத்ரா, கம்போடியா, மதுரை எல்லாம் சுற்றியிருக்கிறேன். பெட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிர் இருந்தது என்பது இப்போது புரிகிறது.

என் மனைவியின் குடும்பம் இதற்கு நேர் எதிர். அவர்கள் கேமரன் மலைக்கு ஒரு இரவு தங்கப் போனாலும் வேனில் அரிசிக் குக்கர் ஏறும். பாய், தலையணை, மெகி, சார்டின் டின், ஊறுகாய், மிளகாய்த்தூள் வரை ஏறும். போன இடத்தில் கடை இருக்காதா என்று கேட்டால் அத்தை சொல்வார், "கட இருக்கும் தம்பி. ஆனா நம்ம கையில இருக்கணும்ல." அந்த 'நம்ம கையில' என்பதற்குப் பின்னால் இருந்த பயத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. அது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே இந்த முறை என் சட்டம். இரண்டே முதுகுப்பைகள். நான் ஒன்று, அவள் ஒன்று. எனக்கு ஒரு கை மகளைத் தூக்க வேண்டும், அவளுக்கு ஒரு கை மகனைப் பிடிக்க வேண்டும். தள்ளுவண்டி கிடையாது. ஒருவருக்கு மூன்று உடுப்பு. இரவில் துவைத்துக் காயப்போட்டுக்கொள்ளலாம். பெம்பஸை மொத்தமாகச் சுமக்காமல் போகிற ஊரில் சின்னக் கட்டாக வாங்கிக்கொள்ளலாம். துண்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்தேக் கைலி. கைலி ஒன்று இருந்தால் துடைக்கலாம், போர்த்தலாம், விரிக்கலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம், தூங்கிய பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காய்ச்சல் மருந்தும் தைல போத்தலும் மட்டும் எடை பார்க்காமல் உள்ளே போயின.

கடைசியாகக் கூட்டினால் 9 கிலோ 300 கிராம். ஒன்பதுக்குள் கொண்டுவர வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்ட கோடு.

சுற்றிலும் பார்த்தேன். பையின் மேலே மகளின் தலையணை இருந்தது.

நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு 'பந்தால் பூசுக்' என்றால் விளக்க வேண்டியதில்லை. பல வீடுகளிலும் ஒரு பிள்ளையிடம் அப்படி ஒரு நாற்றத் தலையணை இருக்கும். துவைக்க விடாது, துவைத்தால் தூங்காது. மகளுடையதை என் அம்மா தைத்துக் கொடுத்தார். தன் பழைய வாயில் சேலையைக் கிழித்து உறை, உள்ளே இலவம் பஞ்சு. எச்சிலும் பாலும் எண்ணெயும் மூன்றரை வருடமாக ஊறி, அதற்கென்று ஒரு வாசம் வந்துவிட்டது. மகள் அதற்கு 'வாவா' என்று பெயர் வைத்திருந்தாள். பேசத் தொடங்கிய நாட்களில் அதை 'வா வா' என்று கூப்பிடுவாள். அப்படியே பெயராகிவிட்டது.

தராசில் வைத்தேன். 280 கிராம். கனத்தைவிட அது அடைக்கும் இடம்தான் பெரிய பிரச்சினை. பையின் கால்வாசியைப் பிடித்துக்கொண்டது.

மனைவி குளிக்கப் போயிருந்தாள். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் வாவாவை எடுத்து அலமாரிக்குப் பின்னால், சுவர் இடுக்கில் செருகிவைத்தேன். இரண்டு நாளில் மறந்துவிடுவாள், பிள்ளைகள் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 9 கிலோ 20 கிராம். அது போதும் என்று தாளை மடித்தேன்.

*

சிரம்பானிலிருந்து கெமாஸ் வரை ஒரு ரயில். அங்கே இறங்கி மாற வேண்டும். மேற்குக்கரைப் பாதையும் கிழக்குக்கரைப் பாதையும் பிரியும் ஊர் கெமாஸ். பெரிய பெட்டிகளோடு இறங்கியவர்கள் படிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது நாங்கள் நால்வரும் விறுவிறுவென்று ஏறி இறங்கிவிட்டோம். "பாத்தியா?" என்று மனைவியிடம் கண்ணால் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

காட்டு ரயில் என்று பெயர் இருந்தாலும் பகாவ், திரியாங், மெந்தகாப் என்று போகும் முதல் பாதியில் ஜன்னல் நிறையச் செம்பனையும் ரப்பரும்தான். காட்டைத் தேடி வருகிற வெள்ளைக்காரர்கள் ஏமாந்து தூங்கிவிடுவார்கள். எனக்கோ அந்தப் பகுதிதான் பிடிக்கும். நிரையில் நிற்கும் மரங்கள் வேகத்தில் விசிறிபோல் திறந்து மூடும். மகன் அதைக் கண்டுபிடித்து, "அப்பா, மரம் கதவு தொறக்குது" என்றான். பிறகு ஒரு மணி நேரம் அவனுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. சிறு பிள்ளைகளோடு மலிவாகப் பயணம் போவதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: நாம் காசு கொடுத்துக் காட்ட நினைப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. ரயில் நிலையத்துப் பூனை, பெட்டிகள் இணையும் இடத்தில் ஆடும் தகடு, கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி. எல்லாமே டிக்கெட் காசிலேயே அடக்கம்.

இந்தப் பாதை 1931இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதில் நம் ஆட்களின் முதுகு எவ்வளவு வளைந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் காலத்தில் இந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அதே வேலைக்குத்தான் கொண்டுபோனார்கள். அம்மாவின் தாத்தா அப்படிப் போனவர். ஒரு துண்டும் சாப்பாட்டு மங்கும் மட்டும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். திரும்பி வரவில்லை. அவரைவிடக் குறைந்த சுமையோடு பயணம் போனவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. ரயிலில் இருந்தபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. என் ஒன்பது கிலோவைப் பற்றிய பெருமையில்தான் இருந்தேன்.

*

கோல லிப்பிஸில் இறங்கி ஓர் இரவு தங்கினோம். 1955 வரை பகாங்கின் தலைநகராக இருந்த ஊர். இப்போது பழைய கடைவீடுகளும் ஆறும் ரயில் நிலையமுமாகச் சோம்பிக் கிடக்கிறது. நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 70 வெள்ளிக்கு ஓர் அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு காற்றாடி, ஓயாமல் சொட்டும் குழாய். மனைவி துணிகளை அலசிக் காற்றாடிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்தாள். ஒட்டுக்கடையில் மீ கோரெங்கும் முட்டையும் வாங்கிவந்து, கைலியைத் தரையில் விரித்து நால்வரும் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாடு வரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடி இருந்தது.

விளக்கை அணைத்ததும் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வாவா?"

"வாவா வீட்டுல தூங்குதும்மா" என்றேன்.

"கூட்டிட்டு வா."

"நாளைக்கி."

"இப்ப."

முதலில் கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு அறையிலிருந்த இரண்டு தலையணைகளையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டாள். என் சட்டையை முகர்ந்தாள். அம்மாவின் கழுத்தை முகர்ந்தாள். மறுபடியும் அழுதாள். பக்கத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். மகன் காதைப் பொத்திக்கொண்டு, "அவள பேசாம இருக்கச் சொல்லுங்கப்பா" என்று அவனும் அழத் தொடங்கினான். ஒரு மணிக்குக் கைலியில் அவளைக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். ஐந்தடியில் ஆடிக்கொண்டே நடக்கும்போது தூங்குவாள். படுக்கவைத்தால் எழுந்துவிடுவாள்.

திரும்பி வந்தபோது மனைவி விழித்திருந்தாள். "நான்தான் பைக்கு மேல வச்சேன். எப்படிங்க விட்டுப்போச்சி? வர்ற வழியில விழுந்திருச்சா?"

விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த இருட்டில் பொய் சொல்வது சுலபம்தான். ஆனால் அவள் உடனே நிலையத்துக்குப் போய்த் தேடச் சொல்வாள் என்று தெரியும்.

"விட்டுப்போகல. நான் எடுத்து வெளிய வச்சிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கனமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

*

நான் பிறந்தது சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். தொண்ணூறுகளில் இது செய்தியே இல்லை. மாதத்துக்கொரு தோட்டம் தாமானாகிக்கொண்டிருந்த காலம். எங்கள் லயத்துக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். இரண்டு குடும்பத்துக்கு ஒரு லாரி. புதிதாகக் கிடைத்த அடுக்குமாடி வீடு ஐந்தாவது மாடியில். மின்தூக்கி கிடையாது.

அப்பா வாசலில் நின்று ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, போகும், போகாது என்று பிரித்துக்கொண்டிருந்தார். அம்மியைப் போகாது பக்கம் வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் போய் அம்மியின் மேல் உட்கார்ந்துகொண்டார். கோழிக்கூண்டு போகாது. மூங்கில் ஏணி போகாது. என் முறை வந்தது. என்னிடம் ஒரு பெரிய மைலோ டின் நிறைய ரப்பர் கொட்டைகள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு கொட்டைபோல இன்னொன்று இருக்காது. கோடும் புள்ளியுமாக ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. எது ஜெயிக்கிற கொட்டை, எது யாரிடமிருந்து ஜெயித்தது, எல்லாம் எனக்குத் தெரியும். சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைக்கவென்றே தனியாக ஐந்து.

அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். "இது அங்க எதுக்குடா?" என்று சொல்லி வாசலில் கொட்டினார். டின்னை மட்டும் லாரியில் ஏற்றினார். டின் உபயோகப்படும்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. அன்று அவருக்கு அரை லாரிதான் இருந்தது. பின்னால் அந்த டின்னில் பல வருடம் உப்பு இருந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் கொட்டைகள் உருளும் சத்தம் எனக்குக் கேட்கும். அடுக்குமாடியைச் சுற்றி ஒரு ரப்பர் மரமும் கிடையாது. முதல் சில நாள் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், திரும்பப் போய் எடுத்து வரலாமா என்று. பிறகு கேட்கவில்லை. "பையன் பழகிட்டான்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

லிப்பிஸ் அறையில், மகளை மார்பில் போட்டுக்கொண்டு கிடந்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. குறைவாகச் சுமப்பது எனக்கு ஒரு கொள்கை, ஒரு ரசனை, கூட்டத்திலிருந்து என்னைப் பிரித்துக் காட்டும் ஓர் அடையாளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் குறைவாகச் சுமந்துதான் போயிருக்கிறோம். ஆனால் எதை விட்டுப்போவது என்று முடிவு செய்தவர் எப்போதும் வேறு யாரோ. மனைவியின் அத்தை அரிசிக் குக்கரை வேனில் ஏற்றுவதன் அர்த்தமும் அதுதான். அவரும் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு லாரியில் வந்தவர். இனி எதையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அவர் ஏற்றுகிறார். நானோ, முதல்முறையாக முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்ததும், வாசலில் நின்று போகும், போகாது என்று பிரித்திருக்கிறேன். அதுவும் லாரியில் இடம் இருக்கும்போதே.

*

மறுநாள் கிளந்தான் பக்கம். குவா மூசாங்கைத் தாண்டியதும் ரயில் தன் பெயருக்கு நியாயம் செய்யத் தொடங்கியது. சுண்ணாம்புக் குன்றுகள், சுரங்கப்பாதைகள், கீழே செம்மண் நிறத்தில் ஆறு. மகன் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூச்சைப் பிடித்து விட்டான். கெமுபுவில் பாலத்தைக் கடந்தோம். 2014 டிசம்பர் வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம் கட்டி முழுப்பாதையிலும் ரயில் ஓட 2018 ஆகிவிட்டது. சாலை சரியாக இல்லாத கம்பங்களுக்கு இந்த ரயில்தான் சந்தைக்கும் பள்ளிக்கும் வழி. நாங்கள் வேடிக்கை பார்க்க ஏறிய வண்டி அவர்களுக்கு மினி பஸ்.

டாபோங்கில் ஒரு மக்சிக் ஏறினார். கையில் இரண்டு பெரிய கூடைகள், தோளில் ஒரு மூட்டை, கடைசியாகப் பிளாஸ்டிக் பையில் பெத்தாய்க் கொத்து. எங்கள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காலுக்கடியில் அடுக்கினார். வீங்கிய கண்ணோடு இருந்த மகளைப் பார்த்து, ஏன் இந்தப் பிள்ளை அழுதிருக்கிறாள் என்று கிளந்தான் மலாயில் கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பந்தால் பூசுக் வீட்டில் இருக்கிறது என்றேன். அவர் 'அல்லா' என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். முதல் நாள் இரவு மனைவியிடம் சொல்ல முடிந்த உண்மையை அந்த அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.

தன் மகன் ராணுவத்தில் சேர்ந்தபோதும் பெட்டிக்கடியில் அவனுடைய பந்தால் பூசுக்கை ஒளித்துக் கொண்டுபோனான் என்று சொல்லிச் சிரித்தார். கூடையிலிருந்து இலையில் சுற்றிய பலகாரம் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தார். மகன் தின்றான். மகள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கோல கிராயில் மக்சிக் இறங்கும்போது நான் ஒரு கூடையைத் தூக்கிக் கொடுத்தேன். என் இரண்டு பைகளையும் சேர்த்தாலும் அந்தக் கூடையின் கனம் வராது. அவர் அதை ஒரு கனமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கிளந்தானின் ஒரே தமிழ்ப்பள்ளி இந்தக் கோல கிராய் வட்டாரத்தில்தான் இருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். "ஒன்னே ஒன்னா? பாவம்" என்றான்.

வாக்காப் பாருவில் இறங்கி, பேருந்தில் கோத்தா பாரு. இரண்டு இரவு. காலையில் பொட்டலம் நாசி பெர்லாவுக், மதியம் மீனோடு நீலச் சோறு நாசி கெராபு. நான்கு பேர் வயிறு நிறைய ஒரு நாளைக்கு நாற்பது வெள்ளி தாண்டவில்லை. சித்தி கதீஜா சந்தையின் மேல் மாடியிலிருந்து கீழே பார்த்தோம். கூரையிலிருந்து மஞ்சள் வெளிச்சம் இறங்க, காய்கறிக் குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்கள் ஏறத்தாழ எல்லாருமே பெண்கள். மனைவி அந்த இடத்தை விட்டு நகர அரை மணி நேரம் ஆனது. ஒரு காசு செலவில்லை.

சந்தைப் பக்கத்தில் ஒரு கடையில் இலவம் பஞ்சுத் தலையணை சின்னதாக ஒன்று பார்த்தேன். 12 வெள்ளி. பூப்போட்ட உறை. மகளிடம் கொடுத்தேன். வாங்கி, மூக்கில் வைத்து, திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல வாவா இல்ல."

அன்று இரவும் அழுகை. ஆனால் லிப்பிஸ் அளவுக்கு இல்லை. பன்னிரண்டு மணிக்குள் தூங்கிவிட்டாள். அடுத்த நாள் சாஹாயா புலான் கடற்கரையில் மணல் தோண்டி, அலையைத் துரத்தி, சிரித்துக் களைத்துப் போனாள். இரவு அறைக்கு வந்து குளிப்பாட்டிப் படுக்கவைத்தோம். நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள்போல இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

"பழகிட்டா" என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

நான் தராசின் முன்னால் உட்கார்ந்து எதிர்பார்த்தது சரியாக இதைத்தான். இரண்டு நாளில் மறந்துவிடுவாள். மூன்று நாள் ஆனது, அவ்வளவுதான். ஆனால் அவள் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டால் கிடைக்காது என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், உப்பு டின்னைத் திறந்து மூடி வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்காது. அவள் அழுத இரவுகளில் எனக்குக் கண் சொருகிக்கொண்டே இருந்தது. அவள் அழாத இரவில்தான் நான் தூங்கவில்லை.

திரும்பும்போது இரவு ரயிலில் படுக்கை எடுத்தோம். ஓர் இரவு அறை வாடகை மிச்சம். மகள் என் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். வண்டி நின்ற ஒவ்வொரு நிலையத்திலும் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து போனது. அவள் என் சட்டைக் காலரை மூக்கோடு வைத்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் வேர்த்து, மூன்று முறை சோப்பில் அலசிய சட்டை. அதில் என்ன வாசம் இருந்ததோ.

*

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியை நகர்த்தினேன். வாவா ஒட்டடையோடு வந்தது. மகள் ஓடிவந்து பறிப்பாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாவா ஏன் அங்க தூங்குச்சி?"

முட்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "தூங்கலம்மா. அப்பாதான் ஒளிச்சி வச்சேன். பையில எடம் இல்லன்னு. அப்பா செஞ்சது தப்பு."

அவள் வாவாவை வாங்கி மூக்கில் வைத்து நீளமாக மூச்சை இழுத்தாள். மூன்றரை வயதுக்கு மன்னிப்பு என்ற சொல் தெரியாது. அவள் ஒன்றும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மகன்தான் தீர்ப்பு சொன்னான்.

"அடுத்த தடவ பையில எடம் இல்லன்னா அப்பாவ வச்சிட்டுப் போலாம்."

மனைவி பையைத் தரையில் போட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

கணக்குப் பார்த்தேன். ரயிலுக்கு 270, மூன்று இரவு அறைக்கு 210, சாப்பாட்டுக்கு 190, பேருந்து, பெம்பஸ், யாரும் படுக்காத தலையணை எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 720 வெள்ளி. முப்பது வெள்ளி மிச்சம். பார்க்கிற நண்பர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள், எப்படி முடிந்தது என்று கேட்கிறார்கள். கைலி, இரவு ரயில், ஊருக்கு ஊர் பெம்பஸ் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். அவை எல்லாம் உண்மையிலேயே உதவுகிற வழிகள்தான். இப்போதும் நாங்கள் இரண்டு பைகளோடுதான் போகிறோம்.

சட்டத்தில் ஒன்றுதான் மாறியிருக்கிறது. புறப்படும் முன்பு பிள்ளைகள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளலாம். என்ன, எதற்கு என்று யாரும் கேட்கக்கூடாது. அதைத் தராசில் வைக்கக்கூடாது. தைப்பிங் போனபோது மகள் வாவாவை எடுத்தாள். மகன் எடுத்தது காட்டு ரயிலில் பொறுக்கிய ஒரு கல். கிட்டத்தட்ட அரைக் கிலோ இருக்கும். மூன்று நாளும் என் முதுகில்தான் வந்தது.

போன தீபாவளிக்கு அப்பாவிடம் அந்த மைலோ டின்னைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் யோசித்தார்.

"ஆமாமா, உப்பு டின்னு. துருப்பிடிச்சிப் போச்சின்னு வீசிட்டோம். ஏன்டா?"

"ஒன்னும் இல்லப்பா. சும்மாதான் கேட்டேன்" என்றேன்.